புது ஆல்பம் வந்த முதல் வாரம்: ரசிகர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பிடித்த ராக் பேண்டின் புது ஆல்பம் வந்தால் நடக்கும் கூத்து எப்போதும் ஒன்றுதான். நள்ளிரவில் பாட்டுகள் வெளியாகும், விடிவதற்குள் ரசிகர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்திருப்பார்கள், போன ஆல்பத்துக்குக் கேட்ட அதே கேள்விகள் மறுபடி வரிசையில் நிற்கும். அவற்றுக்கான பதில்கள் இவை. எந்த பேண்டின் ரசிகராக இருந்தாலும் பொருந்தும். உதாரணங்களில் மெட்டாலிக்கா கொஞ்சம் அதிகமாக வருவார்கள், ஏனென்றால் சொந்த ரசிகர்களை முதல் நாளே சண்டைக்கு இழுப்பதில் அவர்களை அடித்துக்கொள்ள ஆளில்லை.

ஆல்பம் வந்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. அதற்குள் ஒருவர் "வேற லெவல்" என்கிறார், இன்னொருவர் "மொக்கை" என்கிறார். முழுசாகக் கேட்டுவிட்டுத்தான் பேசுகிறார்களா?

நிறையப் பேர் கேட்டிருக்க மாட்டார்கள். மூன்றாவது பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே தீர்ப்பு எழுதி முடித்திருப்பார்கள். அந்த முதல் மணி நேரத்தில் வெளிவருவது இசையைப் பற்றிய கருத்தே இல்லை, எதை எதிர்பார்த்தோம், என்ன கிடைத்தது என்பதற்கு நடுவில் இருக்கும் இடைவெளிதான். பெரிதாக எதிர்பார்த்தவர் திட்டுவார், இந்த பேண்டின் காலம் முடிந்துவிட்டது என்று நினைத்திருந்தவர் "அட, பரவாயில்லையே" என்பார். இருவரும் கேட்டது ஒரே ஆல்பம்தான்.

ஏன் எப்போதும் வெள்ளிக்கிழமையே வருகிறது?

2015 ஜூலை 10 முதல் உலகம் முழுக்க வெள்ளிக்கிழமைதான் வெளியீட்டு நாள் என்று இசைத் துறை முடிவு செய்துகொண்டது. அதற்கு முன் அமெரிக்காவில் செவ்வாய், பிரிட்டனில் திங்கள் என்று ஆளுக்கொரு நாளாக இருந்தது. ஒரு நாட்டில் வந்ததும் மற்ற நாட்டுக்காரர்கள் திருட்டுப் பிரதி தேடிப் போகிறார்கள் என்பது முக்கியக் காரணம். இப்போதும் பெரும்பாலும் அந்தந்த நாட்டு நள்ளிரவுக் கணக்கில்தான் திறக்கிறார்கள், அதனால் நியூசிலாந்துக்காரர்கள் நம்மெல்லாரையும்விட முன்னால் கேட்டு முடித்துவிடுவார்கள். கதை தெரிந்துவிடுமே என்று பயப்பட இது ஒன்றும் துப்பறியும் படமில்லை என்றாலும், கேட்பதற்கு முன்பே மற்றவர் கருத்து காதில் விழுந்துவிட்டால் நம் காது அதைத்தான் தேடும். முடிந்தால் முதல் தடவை கேட்டு முடிக்கும்வரை எதையும் படிக்காதீர்கள்.

முதல் தடவை கேட்டேன், எதுவும் ஒட்டவில்லை. எனக்கு வயதாகிவிட்டதா, பேண்டுக்கா?

இரண்டும் இருக்கலாம், ஆனால் ஒரு தடவை கேட்டதை வைத்து அதைச் சொல்ல முடியாது. 1968-இல் ராபர்ட் ஸயான்ஸ் என்ற உளவியலாளர் ஒரு ஆய்வை வெளியிட்டார். அர்த்தமில்லாத சொற்களையும், சீன எழுத்து போன்ற வடிவங்களையும், முன்பின் தெரியாத முகங்களையும் மக்களிடம் காட்டினார். எது அதிக முறை கண்ணில் பட்டதோ அதை அவர்கள் கூடுதலாக விரும்பினார்கள், வேறு எந்தக் காரணமும் இல்லாமல். இசையிலும் இது நடக்கிறது. முதல் தடவை கேட்கும்போது காது குரலின் பின்னாலும் திரும்பத் திரும்ப வரும் கிட்டார் துணுக்குகளான பெரிய ரிஃப்களின் பின்னாலும் ஓடுகிறது. பேஸ் கிட்டார் என்ன செய்கிறது, இரண்டாவது கிட்டார் எங்கே விலகிப் போகிறது, டிரம்ஸ் எந்த இடத்தில் கணக்கை மாற்றுகிறது என்பதெல்லாம் அடுத்தது என்ன வரும் என்று தெரிந்த பிறகுதான் காதில் விழும். ஐந்து நிமிடப் பாட்டில் நான்கு தடவை தாளம் மாற்றும் பேண்டுக்கு முதல் நாளே தீர்ப்பு சொல்வது கொஞ்சம் அநியாயம்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. பழகப் பழகப் பிடிப்பது ஒரு அளவு வரைதான், அதைத் தாண்டினால் சலிப்பு வரும். முதல் நாளே உடனே ஒட்டிக்கொண்ட எளிய பாட்டுதான் பல சமயம் இரண்டாவது மாதத்தில் ஸ்கிப் ஆகும்.

சிங்கிளாக முன்பே வந்த மூன்று பாட்டும் செம. மீதி எல்லாம் ஃபில்லர், சும்மா இடத்தை நிரப்பப் போட்டவை. எனக்கு மட்டும்தான் இப்படித் தோன்றுகிறதா?

எல்லோருக்கும் தோன்றும். அந்த மூன்றையும் ஏற்கெனவே பல வாரமாக லூப்பில் போட்டுத் தேய்த்திருக்கிறீர்கள், மீதியைக் கேட்டது ஒரு தடவை. மேலே சொன்ன ஸயான்ஸ் விஷயம்தான். ஒரு மாதம் கழித்தும் அதே மூன்றுதான் பிடிக்கிறது என்றால் அப்போது ஃபில்லர் என்று தைரியமாகச் சொல்லுங்கள்.

அப்படியானால் முதல் நாள் கருத்து எல்லாமே குப்பையா? எதையுமே நம்பக் கூடாதா?

இல்லை. இங்கேதான் எனக்குப் பலரோடு கருத்து வேறுபாடு. "பொறுமையாக இரு, போகப் போகப் பிடிக்கும்" என்பதை எல்லாப் புகாருக்கும் மருந்தாகக் கொடுக்கிறார்கள். என்னைக் கேட்டால் முதல் நாள் காதை இரண்டாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். பாட்டு நன்றாக எழுதப்பட்டிருக்கிறதா, பேண்ட் போகும் திசை சரியா என்பதில் முதல் நாள் காது அடிக்கடி ஏமாறும். ஆனால் ஒலி சரியில்லை என்று முதல் நாள் காது சொன்னால் அது பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கிறது, அந்தப் புகார் வருடங்கள் போனாலும் ஆறுவதில்லை.

மெட்டாலிக்காவையே எடுத்துக்கொள்வோம், மூன்று தடவை நடந்திருக்கிறது. 1988-இல் வந்த "...அண்ட் ஜஸ்டிஸ் ஃபார் ஆல்" ஆல்பத்தில் பேஸ் காதிலேயே விழவில்லை. முன்பு பேஸ் வாசித்த கிளிஃப் பர்ட்டன் இறந்த பிறகு சேர்ந்த ஜேசன் நியூஸ்டெட்டுக்கு அதுதான் பேண்டோடு முதல் முழு ஆல்பம், அவர் வாசித்ததை மிக்ஸில், அதாவது கருவிகளையும் குரலையும் ஒன்றாகச் சேர்க்கும் கட்டத்தில், அமுக்கிவிட்டார்கள். அன்றைக்குக் கேட்டவர்கள் "பேஸ் எங்கே?" என்றார்கள், இன்றும் அதையேதான் கேட்கிறோம். பாட்டுகளோ காலத்தைத் தாண்டி நின்றுவிட்டன. 2018 மறுவெளியீட்டிலும் பேஸை ஏற்றவில்லை, அதனால் ரசிகர்களே வீட்டில் பேஸ் சேர்த்துத் தனிப் பதிப்புகள் செய்துகொண்டிருக்கிறார்கள்.

2003-இல் "செயின்ட் ஆங்கர்". ஸ்னேர் டிரம்மின் அடியில் இருக்கும் கம்பிச் சுருளைத் தளர்த்திவிட்டு வாசித்ததால் தகர டப்பா மாதிரி ஒரு சத்தம், ஆல்பம் முழுக்க. முதல் பாட்டின் முதல் நிமிடத்திலேயே ரசிகர்கள் முகத்தைச் சுளித்தார்கள். ஆல்பத்தின் தலைப்புப் பாட்டுக்கு கிராமி விருதுகூடக் கிடைத்தது. இருபது வருடம் தாண்டியாகிவிட்டது, அந்த ஸ்னேரை மன்னித்தவரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

2008-இல் "டெத் மேக்னடிக்". இதில் பாட்டுகளைக் குறை சொன்னவர்கள் குறைவு, பழைய ஃபார்முக்கு வந்துவிட்டார்கள் என்று எல்லோரும் கொண்டாடிக்கொண்டிருந்தபோதே சிலர் "ஏன் இது கரகரவென்று கிழிகிறது?" என்று கேட்டார்கள். அதே நாட்களில் "கிட்டார் ஹீரோ" என்ற வீடியோ கேமிலும் இந்தப் பாட்டுகள் வந்திருந்தன, அதில் ஒலி இவ்வளவு நசுக்கப்படாமல் இருந்தது. இரண்டின் அலைவடிவத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படம் போட்டுக் காட்டினார்கள் ரசிகர்கள். சிடியில் இருந்தது ஏற்ற இறக்கமே இல்லாத ஒரு தடித்த பட்டை. மறுபடி மிக்ஸ் செய்யச் சொல்லி ஆயிரக்கணக்கானவர்கள் கையெழுத்துப் போட்டார்கள், தன் கைக்கு வருவதற்கு முன்பே ஒலி நசுக்கப்பட்டுவிட்டது என்று மாஸ்டரிங் (வெளியீட்டுக்கு முன் கடைசியாக ஒலியைச் சீராக்கும் வேலை) செய்த டெட் ஜென்சனே சொன்னார். எல்லாவற்றையும் சத்தமாக்கி மற்ற பாட்டுகளை அமுக்கப் பார்க்கும் அந்தப் போட்டியைப் பற்றி ஒலிப்பதிவுக்காரர்கள் பல வருடமாகப் புலம்பிக்கொண்டிருந்தார்கள், அதைச் சாதாரண ரசிகரின் பேச்சுக்குக் கொண்டுவந்தது இந்த ஆல்பம்தான்.

ஆகவே ஒருவர் "மிக்ஸ் சரியில்லை, குரல் உள்ளே புதைந்திருக்கிறது, சிம்பல் காதைக் குத்துகிறது" என்று முதல் நாளே சொன்னால் காது கொடுங்கள். "இந்த பேண்டின் ஆன்மாவே போய்விட்டது" என்றால் ஒரு மாதம் தள்ளி வைத்துப் பாருங்கள்.

ஒலியைக் குறை சொல்வதற்கு முன் என் பக்கம் எதைச் சரிபார்க்க வேண்டும்?

முதலில் ஷஃபிள். ஆல்பம் பக்கத்தில் பிளே அழுத்தினால் வரிசை கலைந்து ஓடும் வழக்கத்தை 2021 நவம்பரில் பாடகி அடெல் கேட்டுக்கொண்டதால் ஸ்பாட்டிஃபை மாற்றியது. இருந்தாலும் முன்பு எப்போதோ நீங்கள் போட்ட ஷஃபிள் இன்னும் அப்படியே இருக்கக்கூடும். அடுத்து கிராஸ்ஃபேட், ஒரு பாட்டு முடிவதற்குள் அடுத்தது மேலேறி வரும் அமைப்பு. விருந்துக்கு நல்லது, ஆல்பத்துக்குக் கேடு. ஈக்குவலைசரில் பேஸ் பூஸ்ட் போட்டுவிட்டு "பேஸ் கொழகொழ என்று இருக்கிறது" என்று புகார் சொல்பவர்களும் உண்டு.

அப்புறம் சத்த அளவு. ஸ்ட்ரீமிங் சேவைகள் எல்லாப் பாட்டையும் ஏறக்குறைய ஒரே அளவுக்குச் சமன் செய்கின்றன. அதனால் மிகவும் நசுக்கி மாஸ்டர் செய்த ஆல்பம் இவற்றில் சத்தமாக ஒலிக்காது, தட்டையாகத்தான் ஒலிக்கும். "பழைய ஆல்பத்தில் இருந்த அடி இதில் இல்லையே" என்று தோன்றினால் அது காரணமாக இருக்கலாம். வேறொரு ஹெட்ஃபோனிலோ ஸ்பீக்கரிலோ ஒரு தடவை கேட்டுவிட்டு, அங்கேயும் அப்படித்தான் என்றால் பேண்டைத் திட்டுங்கள்.

"இது என் பேண்டே இல்லை" என்று தோன்றுகிறது. பழைய மாதிரி ஏன் செய்ய மாட்டேன் என்கிறார்கள்?

ராக் ரசிகர்களின் மிகப் பழைய புகார் இது. 1997-இல் "ஓகே கம்ப்யூட்டர்" கொடுத்த ரேடியோஹெட், 2000 அக்டோபரில் "கிட் ஏ" கொடுத்தார்கள். கிட்டாருக்காகக் காத்திருந்தவர்களுக்கு சின்தசைசரும் உருமாற்றப்பட்ட குரலும் கிடைத்தன. சிங்கிளும் இல்லை, வழக்கமான வீடியோவும் இல்லை. பிரிட்டனின் "மெலடி மேக்கர்" பத்திரிகை 5-க்கு 1.5 மதிப்பெண் போட்டது. (அந்த வருடக் கடைசியிலேயே அந்தப் பத்திரிகை நின்றுபோனது, அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை, இருந்தாலும் ரேடியோஹெட் ரசிகர்களுக்கு அதைச் சொல்வதில் ஒரு சின்ன சந்தோஷம்.) பத்து வருடம் போவதற்குள் "ரோலிங் ஸ்டோன்" அதைப் புது நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் வந்த ஆல்பங்களில் முதலிடத்தில் வைத்தது.

வீசர் பேண்டின் "பிங்கர்ட்டன்" கதை இன்னும் வேடிக்கை. 1996-இல் வந்தபோது "ரோலிங் ஸ்டோன்" வாசகர்கள் அதை அந்த வருடத்தின் மோசமான ஆல்பங்களில் ஒன்றாகத் தேர்ந்தெடுத்தார்கள். 2002-இல் அதே பத்திரிகையின் வாசகர்கள் எல்லாக் காலத்துக்குமான சிறந்த ஆல்பங்கள் பட்டியலில் அதற்கு 16-ஆவது இடம் கொடுத்தார்கள். ஆறு வருடத்தில் ஒலிநாடாவில் எதுவும் மாறவில்லை. முதல் ஆல்பத்தின் பளபளப்பை எதிர்பார்த்தவர்களுக்கு அதன் கச்சாத்தனமும் வெட்கமில்லாத சொந்தக் கதைகளும் உறுத்தின, பின்னால் வந்த இளம் ரசிகர்கள் அதையே தேடி வந்தார்கள். 2010-இல் பேண்டே அதை ஆரம்பத்திலிருந்து கடைசிவரை மேடையில் வாசித்தது.

இந்த வகைப் புகாரில் இசைக்குச் சம்பந்தமில்லாத விஷயங்களும் நிறையக் கலந்துவிடும் என்பதையும் சொல்ல வேண்டும். 1996-இல் "லோட்" வந்தபோது மெட்டாலிக்கா முடியை வெட்டிக்கொண்டதைப் பற்றி நடந்த பேச்சில் பாதிகூட அந்தப் பாட்டுகளைப் பற்றி நடந்ததாகத் தோன்றவில்லை.

சரி, போகப் போக எல்லாம் பிடித்துவிடுமா?

பிடிக்காது. "கிட் ஏ"வையும் "பிங்கர்ட்டனையும்" காட்டி எந்த மோசமான ஆல்பத்தையும் காப்பாற்ற முடியும் என்று நினைப்பது ரசிகர்களின் பலவீனம். முதல் நாள் திட்டு வாங்கிய பல ஆல்பங்கள் இன்றும் அதே இடத்தில்தான் இருக்கின்றன, அவற்றைப் பற்றி யாரும் பேசாததால் நமக்கு நினைவில் இல்லை, அவ்வளவுதான்.

அதைவிட முக்கியமாக, முதல் நாள் பாராட்டும் கவிழும். திட்டைவிட அதுதான் சீக்கிரம் கவிழும் என்பேன். ஓயாஸிஸின் "பி ஹியர் நவ்" 1997 ஆகஸ்ட் 21 அன்று வந்தபோது பிரிட்டனில் அதுவரை எந்த ஆல்பமும் அவ்வளவு வேகமாக விற்றதில்லை, 2015-இல் அடெலின் "25" வரும்வரை அந்தச் சாதனை நின்றது. பத்திரிகைகளும் போட்டி போட்டுக்கொண்டு புகழ்ந்தன. முந்தைய ஆல்பத்தைக் குறைத்து எடைபோட்டு அவமானப்பட்டதால் இந்த முறை எதற்கும் முன்கூட்டியே புகழ்ந்துவிடுவோம் என்று நினைத்தார்கள் என்பது பரவலான பேச்சு. சில மாதங்களில் மயக்கம் தெளிந்தது. பாட்டுகள் நீளம், கிட்டார் மேல் கிட்டாராக அடுக்கி வைத்திருக்கிறார்கள், மூச்சுவிட இடமில்லை. எழுதிய நோயல் கேலகரே பின்னாட்களில் அதைக் கேலி செய்தார். ஹைப் உச்சத்தில் இருக்கும்போது வரும் பாராட்டு ஆல்பத்துக்குக் கிடைப்பதில்லை, அந்தக் கொண்டாட்டத்தில் நானும் இருக்கிறேன் என்று காட்டிக்கொள்வதற்குக் கிடைப்பது.

விமர்சகர்கள் கொடுக்கும் மதிப்பெண்ணைப் பார்க்கலாமா?

பாருங்கள், ஆனால் அவர்களுக்கும் நேர நெருக்கடி உண்டு, அவர்களும் சில தடவைதான் கேட்டிருப்பார்கள். லெட் ஸெப்லினின் முதல் ஆல்பத்தையும் பிளாக் சப்பாத்தின் முதல் ஆல்பத்தையும் "ரோலிங் ஸ்டோன்" அந்தக் காலத்தில் தள்ளுபடி செய்தது. எண்ணைவிட எழுத்து உதவும். எந்தப் பாட்டில் என்ன நடக்கிறது என்று விளக்கும் விமர்சனம், அவர் திட்டியிருந்தாலும், நமக்கு ஏதாவது கொடுக்கும்.

பாடகர் மாறிவிட்டார். இதை அதே பேண்டாக நினைத்துக் கேட்பதா, புது பேண்டாகவா?

இதற்குச் சரியான பதில் இல்லை, ஆளாளுக்கு வேறு. ஏசி/டிசி 1980 பிப்ரவரியில் பான் ஸ்காட்டை இழந்து, அதே ஜூலையில் பிரையன் ஜான்சனோடு "பேக் இன் பிளாக்" கொண்டுவந்தார்கள், அது அவர்களின் மிகப் பெரிய ஆல்பமாகிவிட்டது. அதைக் காட்டி எல்லோரும் அப்படித் தாண்டிவிட வேண்டும் என்று சொல்வது சுலபம். லிங்கின் பார்க் விஷயத்தில் அது அவ்வளவு சுலபமாக இல்லை, அதற்குக் காரணம் நடுவில் இன்னொரு ஆல்பம் இருக்கிறது.

2017 மே மாதம் "ஒன் மோர் லைட்" வந்தது. முழுக்க பாப் பக்கம் சாய்ந்த ஆல்பம், கிட்டார் எங்கேயோ பின்னணியில். முதல் ஆல்பமான "ஹைப்ரிட் தியரி" கேட்டு வளர்ந்த ரசிகர்கள் கொதித்தார்கள், காசுக்காகத் தங்களை விற்றுவிட்டார்கள் என்றார்கள், அந்தக் கோபம் பேண்டின் காது வரை போனது, பாடகர் செஸ்டர் பென்னிங்டன் பேட்டிகளில் கோபமாகப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. இரண்டு மாதம் கழித்து, ஜூலை 20 அன்று, அவர் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். அதே பாட்டுகளை, அதே வரிகளை, போனவர்களைப் பற்றியும் தலைக்குள் இருக்கும் பாரத்தைப் பற்றியும் அவர் பாடியதை, ரசிகர்கள் அதன் பிறகுதான் கேட்டார்கள். ஒலிப்பதிவில் ஒரு நொடிகூட மாறவில்லை. பாப் மாதிரி இருக்கிறது என்ற புகாரில் இன்றும் எனக்கு ஓரளவு உடன்பாடு உண்டு, ஆனால் அந்த மே மாதத்தில் யாரும் வரிகளைக் கேட்கவே இல்லை என்பதும் உண்மை.

அதனால் 2024 நவம்பரில் எமிலி ஆர்ம்ஸ்ட்ராங்கின் குரலோடு "ஃப்ரம் ஸீரோ" வந்தபோது முதல் நாள் பேச்சு ஒரு ஆல்பத்தைப் பற்றியதாக மட்டும் இருக்க வாய்ப்பே இல்லை. கனமான கிட்டார் திரும்பிவிட்டது என்று குதித்தவர்களும், செஸ்டர் இல்லாமல் இந்தப் பெயர் எதற்கு என்றவர்களும் ஒரே நேரத்தில் இருந்தார்கள். இரண்டாவது கூட்டத்தை "இசையை மட்டும் கேள்" என்று அதட்டுவது எனக்குப் பிடிக்கவில்லை. துக்கத்துக்குக் கெடு வைக்க முடியாது. அதே சமயம் புதுப் பாடகரைப் பார்த்து "நீ அவரில்லை" என்று கத்துவதிலும் அர்த்தமில்லை, தான் செஸ்டர் என்று அவர் சொல்லிக்கொள்ளவே இல்லையே.

பல வருடம் காத்திருந்து வந்த ஆல்பம் என்றால் எப்படிக் கேட்பது?

காத்திருந்த வருடங்களைக் கணக்கில் சேர்க்காமல். டூல் பேண்ட் "10,000 டேய்ஸ்" ஆல்பத்துக்கு 13 வருடம் கழித்து 2019-இல் "ஃபியர் இனாக்குலம்" கொடுத்தார்கள். கன்ஸ் அண்ட் ரோஸஸ் "யூஸ் யுவர் இல்யூஷன்" இரட்டை ஆல்பங்களுக்குப் பின் சொந்தப் பாட்டுகளோடு "சைனீஸ் டெமாக்ரசி" கொண்டுவர 17 வருடம் ஆனது, அதற்குள் பழைய ஆட்களில் பாடகர் ஆக்ஸல் ரோஸும் கீபோர்டு வாசிக்கும் டிஸ்ஸி ரீடும்தான் மிஞ்சியிருந்தார்கள். "இதற்குத்தானா இத்தனை வருடம்?" என்ற கேள்விக்கு எந்த ஆல்பத்தாலும் பதில் சொல்ல முடியாது. ஒரு பாட்டு எத்தனை வருடத்தில் எழுதப்பட்டது என்பது அதன் மூன்றாவது நிமிடத்தில் தெரியப்போவதில்லை.

ஆல்பம் ரொம்ப நீளம். குறைத்திருக்கலாமே?

பெரும்பாலும் ஆமாம். வினைல் காலத்தில் ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய 22 நிமிடம்தான் நன்றாகக் கொள்ளும், அதனால் கத்தரி போட வேண்டிய கட்டாயம் இருந்தது. சிடி வந்ததும் இடம் இருக்கிறதே என்று நிரப்ப ஆரம்பித்தார்கள். "லோட்" 79 நிமிடத்தைத் தொட்டது, கடைசிப் பாட்டை ஒரு நிமிடம்போல வெட்டித்தான் சிடிக்குள் அடக்கினார்கள். வெட்டியது கடைசிப் பாட்டை! வேறு இரண்டு பாட்டைத் தூக்கியிருந்தால் நான் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டேன். இப்போது ஸ்ட்ரீமிங்கில் அந்த எல்லையும் இல்லை.

ஆல்பம் பிடித்திருக்கிறது, ஆனால் பேண்ட் அதை வெளியிட்ட விதம் எரிச்சலாக இருக்கிறது. இதையும் கருத்தில் சேர்க்கலாமா?

தனியாக வைத்துக்கொள்ளுங்கள். 2014 செப்டம்பரில் யூ2 தங்கள் "சாங்ஸ் ஆஃப் இன்னசன்ஸ்" ஆல்பத்தை 50 கோடி ஐடியூன்ஸ் கணக்குகளில் கேட்காமலே கொண்டுபோய் வைத்தார்கள். இலவசம்தான், ஆனால் என் அலமாரியில் யார் கை வைத்தது என்ற கோபம். ஒரு வாரத்துக்குள் அதை நீக்குவதற்கென்றே ஆப்பிள் தனியாக ஒரு வசதி செய்துகொடுத்தது. அந்தச் சத்தத்தில் பாட்டுகள் எப்படி என்று பேசியவர்கள் ரொம்பக் குறைவு. 2007-இல் ரேடியோஹெட் "இன் ரெயின்போஸ்" ஆல்பத்தை விரும்பிய விலை கொடுத்து இறக்கிக்கொள்ளலாம் என்று அறிவித்து எதிர்மாறாகப் பெயர் வாங்கினார்கள். அதிலும் முதல் வாரப் பேச்சு விலையைப் பற்றித்தான். நல்லவேளை, அந்த ஆல்பத்தின் பாட்டுகள் அந்தப் பேச்சைவிட நீண்ட நாள் நின்றன.

லீக் ஆகிவிட்டது. கேட்கலாமா?

கேட்காதீர்கள். காசு, நியாயம் எல்லாம் ஒரு பக்கம் இருக்கட்டும், லீக்கில் வருவது பல சமயம் முடிவான மிக்ஸாக இருக்காது, தரமும் குறைந்திருக்கும். அதைக் கேட்டு ஒரு கருத்தை உருவாக்கிக்கொண்டால் உண்மையான ஆல்பம் வரும்போது இரண்டையும் ஒப்பிட்டுக்கொண்டே இருப்பீர்கள். "கிட் ஏ" நாப்ஸ்டர் என்ற பாட்டுப் பகிரும் சேவையில் முன்பே கசிந்தும் அமெரிக்காவில் முதலிடத்தில் நுழைந்தது என்பதால் பேண்டுக்கு நஷ்டம் இல்லை என்று வாதாடுவார்கள். எல்லா பேண்டும் ரேடியோஹெட் இல்லை.

எனக்குப் பிடித்திருக்கிறது என்றால் "கண்மூடி ரசிகன்" என்கிறார்கள், பிடிக்கவில்லை என்றால் "நீ உண்மையான ரசிகனே இல்லை" என்கிறார்கள். என்ன பதில் சொல்வது?

எந்தப் பாட்டு, எந்த இடம் என்று கேளுங்கள். கேட்டவராக இருந்தால் பேச்சு தொடரும். இல்லையென்றால் அதோடு நின்றுவிடும், உங்களுக்கும் நேரம் மிச்சம்.

எத்தனை தடவை கேட்ட பிறகு கருத்து சொல்லலாம்?

முதல் தடவையே சொல்லலாம், யாரும் தடுக்கவில்லை, "ஒரு தடவை கேட்டதில்" என்று ஒரு வார்த்தை சேர்த்துக்கொண்டால் போதும். நான் நம்புவது வேறொரு அளவுகோலை. ஒரு வாரம் அந்த ஆல்பத்தைத் தொடாமல் விட்டுவிட்டு, எந்தப் பாட்டு தானாக வாயில் வருகிறது என்று பார்ப்பது. பல சமயம் அது முதல் நாள் நாம் புகழ்ந்த பாட்டாக இருக்காது, நடுவில் ஆறாவதோ ஏழாவதோ கவனிக்காமல் விட்ட ஒன்றாக இருக்கும்.

மேடையில் வாசிக்கும்போது கேட்டால் கருத்து மாறுமா?

மாறும், ராக் பாட்டுக்கு இது ரொம்பவே பொருந்தும். மிக்ஸில் புதைந்த பேஸ் நெஞ்சில் இடிக்கும், ஸ்டுடியோவில் சாதுவாகத் தெரிந்த பாட்டு மேடையில் வேகம் பிடிக்கும். தி க்யூர் இதைத் தலைகீழாகவே செய்து காட்டினார்கள். 2022-இல் தொடங்கிய சுற்றுப்பயணத்தில் புதுப் பாட்டுகளை முதலில் மேடையில் வாசித்தார்கள், "சாங்ஸ் ஆஃப் எ லாஸ்ட் வேர்ல்ட்" ஆல்பம் 2024 நவம்பர் 1 அன்றுதான் வந்தது, அவர்களின் முந்தைய ஆல்பத்துக்கு 16 வருடம் கழித்து. அதிலிருக்கும் எட்டுப் பாட்டில் பாதிக்கு மேல் ரசிகர்களுக்கு ஏற்கெனவே பழக்கம். அதனால் முதல் நாள் பேச்சு "பிடிக்கிறதா இல்லையா" என்று ஆரம்பிக்கவில்லை, "எண்ட்சாங்" என்ற பாட்டு மேடையில் நன்றாக இருந்ததா, ஆல்பத்திலா என்றுதான் ஆரம்பித்தது. எனக்கு மேடைதான்.